லிங்டோ விதிகள் எதைக் காத்தன?

மாணவர் பேரவைத் தேர்தலைப் பற்றி நம் நாட்டில் யார் பேசினாலும் லிங்டோ குழுவில்தான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. உச்ச நீதிமன்றம் சொன்னதன் பேரில், முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம். லிங்டோ தலைமையில் அமைந்த அந்தக் குழு 2006 மே மாதம் அறிக்கை தந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் நீதிமன்றம் அதை ஏற்று, நடைமுறைப்படுத்த ஆணையிட்டது. அந்த விதிகளால் பேரவை வலுப்பெற்றதா, மெலிந்ததா?

எடைபோட ஓர் அளவுகோல் வேண்டும். மெஸ் பில் திடீரென ஏறுகிறது. தேர்வுத்தாள் திருத்தியதில் குளறுபடி. ஆய்வு மாணவியிடம் கைடு வரம்பு மீறுகிறார். தனியொரு மாணவர் வாய் திறந்தால் இன்டர்னல் மார்க்கில் கைவைத்துவிடுவார்களோ என்ற பயம் இருக்கும். அந்தப் பயமில்லாமல் அவர் சார்பில் நிர்வாகத்தோடு பேச ஒருவர் இருக்கிறாரா? அப்படிப் பேசுபவர் தம்மைத் தேர்ந்தெடுத்தவர்களுக்குக் கணக்குக் காட்டுகிறாரா? ஒரு பேரவையின் தரம் இந்த இரண்டு கேள்விகளில் இருக்கிறது.

குழுவின் நோயறிதலில் பெரும்பகுதி சரியானது. படிப்பை முடிக்காமல் ஆண்டுக்கணக்கில் வளாகத்திலேயே தங்கிவிடும் தலைவர்கள், வெளியிலிருந்து வரும் பணம், அடியாட்கள் எல்லாம் பல வட இந்தியப் பல்கலைக்கழகங்களில் கண்கூடு. அதனால்தான் 75 சதவீத வருகை வேண்டும், அரியர் இருக்கக் கூடாது, குற்றப் பின்னணி கூடாது, தேர்தல் முடிந்த இரண்டு வாரத்தில் செலவுக் கணக்கு தர வேண்டும், ஆண்டுதோறும் தேர்தல் நடக்க வேண்டும் என்று விதித்தது. இவற்றோடு எனக்குச் சண்டையில்லை. படிக்கும் மாணவரே மாணவர்களுக்காகப் பேச வேண்டும்.

மருந்தில்தான் கோளாறு. வேட்பாளரின் செலவு 5,000 ரூபாயைத் தாண்டக் கூடாது என்கிறது விதி. சிறு கல்லூரிக்கு அது போதும். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்கள் கொண்ட டெல்லி பல்கலைக்கழகத்தில் அது தலைக்கு ஐந்து பைசாகூட வராது. நடைமுறைக்கு ஒவ்வாத வரம்பு, விதியை மதிக்கும் ஏழை மாணவரைக் கட்டிப்போடுகிறது. மதிக்காதவரை ஒன்றும் செய்வதில்லை. 2024 செப்டம்பரில் அங்கே தேர்தல் நடந்தபோது, சுவர்களையும் பொதுச் சொத்தையும் பாழாக்கிய சுவரொட்டிகளை அகற்றும் வரை வாக்குகளை எண்ணக் கூடாது என்று உயர் நீதிமன்றம் தடுத்தது. முடிவு வெளிவர நவம்பர் ஆயிற்று. அச்சிட்ட சுவரொட்டியே கூடாது என்ற விதி வந்து 18 ஆண்டுகள் கழித்து நடந்தது இது.

இன்னொரு பக்கம் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம் (ஜே.என்.யு.). அங்கே தேர்தலை நடத்துவது மாணவர்களே அமைத்துக்கொள்ளும் தேர்தல் குழு. கையால் எழுதிய சுவரொட்டியும், வேட்பாளர்கள் நள்ளிரவு தாண்டியும் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பொது விவாதமும் லிங்டோவுக்கு முன்பே அங்கு மரபு. ஆனால் விதிகளோடு ஒத்துப்போகவில்லை என்று 2008இல் அங்குதான் தேர்தலுக்குத் தடை விழுந்தது. ஆய்வு மாணவர்களுக்கான 28 வயது வரம்பு 30 ஆகத் தளர்ந்த பிறகு 2012இல்தான் மீண்டும் வாக்களித்தார்கள். ஊழலை ஒழிக்க வந்த விதி, ஊழல் குறைந்த இடத்தில் பேரவையை நிறுத்தி வைத்தது. இதைவிடக் கடுமையான சாட்சியம் அந்த விதிகளுக்கு எதிராகத் தேவையில்லை.

பதவிக்கு ஒருவர் ஒரு முறைதான் போட்டியிடலாம் என்பது அடுத்த குறை. பதிவாளர் அலுவலகத்துக்குப் பல பத்தாண்டு அனுபவம் உண்டு. எதிரே உட்காரும் மாணவரோ கோப்பு எங்கே போகிறது என்று புரிந்துகொள்வதற்குள் வீட்டுக்குப் போய்விடுவார். குண்டர்களைத் தடுக்கப் போட்ட வேலி, அனுபவத்தையும் சேர்த்தே தடுத்துவிட்டது.

எல்லாவற்றிலும் பெரிய குறை, தேர்தலுக்கு மறுநாளைப் பற்றியது. வென்றவருக்குச் சிண்டிகேட்டில் இடம் உண்டா, விடுதிக் கணக்கைப் பார்க்கும் உரிமை உண்டா என்பதை இந்த விதிகள் உறுதி செய்யவில்லை. மாணவர் பிரதிநிதிக்கு உண்மையான அதிகாரம் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் ஜே.என்.யு. சான்று தருகிறது. பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்க 1999இல் அமைந்த குழுவில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர்களும் உட்கார்ந்தார்கள். 2017இல் நிர்வாகம் அதைக் கலைத்தபோது மாணவர்கள் போராடியது, அது தங்களுடையது என்ற உணர்வால்தான்.

பேரவை வன்முறைக்கு வழி என்பார்கள். கேரளக் கல்லூரிகளில் கட்சிப் பகையால் மாணவர்கள் கொல்லப்பட்டிருக்கிறார்கள். அதை மறைக்க முடியாது. ஆனால் தேர்தல் இல்லாத இடம் அமைதியாகவா இருக்கிறது? தமிழ்நாட்டைப் பார்ப்போம். 1965 மொழிப் போராட்டத்தைத் தோளில் சுமந்தவர்கள் மாணவர்கள். அவர்களில் ஒருவரான பெ. சீனிவாசன் 1967இல் விருதுநகரில் காமராஜரையே தோற்கடித்தார். அந்த மண்ணில் இன்று பல கல்லூரிகளில் ‘சேர்மன்’ தேர்தல் என்பதே பழங்கதை. நிர்வாகம் கைகாட்டுபவரே பிரதிநிதி. சென்னைப் பேருந்துகளில் ‘ரூட்டு தல’ என்ற பெயரில் கத்தியோடு மோதும் இளைஞர்களை எந்தப் பேரவையும் உருவாக்கவில்லை. தலைமைக்கான ஆசை வாக்குப்பெட்டியை மூடினால் தீர்ந்துவிடாது. நியமனம் என்பது தற்காலிக ஏற்பாடுதான், ஐந்தாண்டுக்குள் தேர்தலுக்கு மாற வேண்டும் என்று லிங்டோ குழுவே சொன்னது. அந்தக் கெடு 2011இலேயே முடிந்துவிட்டது.

ஆகவே என் தீர்ப்பு இது. லிங்டோ விதிகள் வேட்பாளரை ஒழுங்குபடுத்த முயன்றன, பேரவையைக் காக்கவில்லை. வருகை, குற்றப் பின்னணி, கணக்கு, ஆண்டுத் தேர்தல் ஆகியவை நிலைக்க வேண்டும். செலவு வரம்பு வாக்காளர் எண்ணிக்கையோடு ஏற வேண்டும். இரண்டாம் முறை நிற்கும் உரிமை வேண்டும். இப்போதைய விதிகள்போல் கட்சித் தொடர்பை ஒளிக்கச் செய்வதைவிட வெளிப்படையாக அறிவிக்கச் செய்வதே நேர்மை. ஆட்சி மன்றத்தில் இடமும் கணக்கைக் கேட்கும் உரிமையும் சட்டமாக வேண்டும். இவை வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. தேர்தலே நடத்தாத கல்லூரிகள், குறைகளோடேனும் இருக்கும் விதியை இந்தக் கல்வியாண்டிலேயே பின்பற்றலாம். பதினெட்டு வயதில் முதலமைச்சரைத் தேர்ந்தெடுக்கத் தகுதி பெற்றவருக்குத் தன் விடுதிச் செயலாளரைத் தேர்ந்தெடுக்கத் தகுதியில்லை என்று சொல்ல எந்தக் கல்லூரி முதல்வருக்கும் நியாயம் இல்லை.