ஒப்படைத்த பொறுப்பும் கைவிட்ட பொறுப்பும்: தொழிற்சாலைகளின் டிஎன்எஸ் நடைமுறை

சென்னையை அடுத்த ஒரகடத்திலோ இருங்காட்டுக்கோட்டையிலோ கார் உதிரிபாகம் செய்யும் ஒரு நடுத்தரத் தொழிற்சாலையிலிருந்து லாரி கிளம்ப, சரக்கு தயாராக இருந்தால் மட்டும் போதாது. இ-இன்வாய்ஸ் எடுக்க வேண்டும். 2018-இல் வந்த இ-வே பில் போட வேண்டும். வாங்கும் கார் கம்பெனியின் சப்ளையர் போர்ட்டலில், சரக்கு வருவதை முன்கூட்டித் தெரிவிக்கும் ஏஎஸ்என் பதிய வேண்டும். மூன்றும் இணையத்தில் நடப்பவை. மூன்றுக்கும் முதல் படி ஒன்றுதான்: தளத்தின் பெயரைச் சொல்லி அதன் ஐபி எண்ணைப் பெறுவது. அதைச் செய்வது டிஎன்எஸ் சர்வர். அது பதில் தராவிட்டால் இணைப்பு சரியாக இருந்தும் லாரி கேட்டிலேயே நிற்கும். டெஸ்பாட்ச்சில் இருப்பவர் ‘நெட் போச்சு’ என்பார். உண்மையில் நெட் போயிருக்காது.

இவ்வளவு முக்கியமான ஒன்றை இங்குள்ள சிறு, நடுத்தர நிறுவனங்கள் பலவும் ஒருமுறை அமைத்துவிட்டு மறந்துவிடுகின்றன. குறை டிஎன்எஸ் ஏற்பாட்டில் எவ்வளவு, நம் நடைமுறையில் எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது அவசியம்.

இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட் காலத்தில் கணினிப் பெயர்கள் எல்லாம் ஒரே கோப்பில் இருந்தன. கலிஃபோர்னியாவில் ஓர் ஆய்வு நிறுவனம் அதைத் திருத்தி வெளியிட, மற்றவர்கள் நகல் எடுத்துக்கொண்டார்கள். கணினிகள் பெருகப் பெருக அந்த முறை தாங்கவில்லை. 1983-இல் பால் மொகபெட்ரிஸ் வகுத்த டிஎன்எஸ், அந்தப் பட்டியலை அடுக்கடுக்காகப் பிரித்தது. உச்சியில் உள்ள ரூட் சர்வர்களுக்கு ஏ முதல் எம் வரை 13 பெயர்கள். அவற்றின் பிரதிகள் உலகெங்கும் ஆயிரத்துக்கு மேல் இயங்குகின்றன. டாட் இன் என்று முடியும் பெயரைக் கேட்டால், ரூட் சர்வர் டாட் இன் சர்வர்களிடம் போகச் சொல்லும். நிக்ஸி என்ற அமைப்பு நிர்வகிக்கும் டாட் இன் பதிவகம், கேட்ட டொமைனுக்குப் பொறுப்பான சர்வரைக் காட்டும். அந்தச் சர்வர்தான் ஐபி எண்ணைத் தரும்.

இதன் பலம், பொறுப்பைக் கீழே ஒப்படைக்கும் விதத்தில் இருக்கிறது. மேலடுக்கு, யாரிடம் ஒப்படைத்தோம் என்பதை என்எஸ் பதிவாக எழுதி வைத்துக்கொள்கிறது. தேவைப்பட்டால் அதை மாற்றவும் முடியும். கிடைத்த பதிலை, அதோடு வரும் டிடிஎல் என்ற எண் சொல்லும் காலம் வரை, கேட்ட சர்வர் நினைவில் வைத்துக்கொள்வதால், ஒவ்வொரு முறையும் உச்சிவரை போய்க் கேட்கவும் வேண்டியதில்லை.

குறைகளும் உண்டு. வந்த பதில் உண்மையானதா என்று சரிபார்க்கும் வசதி தொடக்கத்தில் இல்லை. பொய்ப் பதிலைச் சர்வரின் நினைவில் எளிதாகப் புகுத்த முடியும் என்று 2008-இல் டான் காமின்ஸ்கி காட்டினார். பதிலைச் சரிபார்க்க உதவும் மின்கையொப்பம் 2010-இல் ரூட்டுக்கு வந்தது. ஆனால் தனி டொமைன்கள் பலவற்றில் அது இன்னும் இயக்கப்படவில்லை. இன்னொரு குறை, எல்லாச் சர்வர்களையும் ஒரே வலையமைப்புக்குள் வைப்பதால் வருவது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்கின் உள் வலையமைப்பு துண்டிக்கப்பட்டபோது, அதன் டிஎன்எஸ் சர்வர்கள் ஓடிக்கொண்டிருந்தும் அவற்றுக்குப் போகும் பாதை மறைந்துபோனது. ஏறக்குறைய 6 மணி நேரம் வாட்ஸ்அப்பும் சேர்ந்து முடங்கியது.

இனி நம் நடைமுறைக்கு வருவோம். அலுவலகக் கணினிகளில் டிஎன்எஸ் முகவரி இரண்டு போட இடம் இருக்கும். முதலாவதாக உள் சர்வரின் எண்ணையும் இரண்டாவதாக 8.8.8.8 என்ற கூகுளின் பொது எண்ணையும் போடுவது பரவலான வழக்கம். உள் சர்வர் படுத்தாலும் இ-வே பில் தளம் திறக்கும் என்பது இதற்குச் சொல்லும் காரணம். அந்த அளவில் அது நியாயம்தான். ஆனால் உள் சர்வர் ஒரு நொடி தாமதித்தால்கூட விண்டோஸ் கணினி இரண்டாவது எண்ணுக்குத் தாவிவிடும். நிறுவனத்தின் ஈஆர்பி மென்பொருள் ஓடும் சர்வரின் உள் பெயர் கூகுளுக்குத் தெரியாது. ‘அப்படி ஒரு பெயரே இல்லை’ என்று பதில் வரும். அதுவும் ஒரு பதில்தான் என்பதால் கணினி திரும்பி முதல் சர்வரைக் கேட்காது. ஈஆர்பி திறக்காது, லாகின் இழுக்கும், காரணம் பிடிபடாது. சரியான வழி, உள்ளேயே இரண்டு டிஎன்எஸ் சர்வர் வைத்து, கணினிகளுக்கு அந்த இரண்டை மட்டும் கொடுப்பது. வெளிப் பெயர்களை அந்தச் சர்வர்கள் பொது டிஎன்எஸ்ஸிடம் கேட்டுச் சொல்லும்படி ஃபார்வர்டர் அமைப்பது.

இரண்டாவது வழக்கம் இதைவிட ஆபத்தானது. வெப்சைட் செய்து கொடுத்தவரே தன் கணக்கில், தன் ஈமெயிலில் கம்பெனியின் டொமைனைப் பதிந்திருப்பார். நெட்வொர்க் இன்ஜினியரைச் சம்பளத்துக்கு வைக்க முடியாத நிறுவனம் வேலையை வெளியே கொடுப்பதில் தவறில்லை. ஆனால் அவர் தொழிலை விட்டால், புதுப்பிக்கும் நினைவூட்டல் யாரும் பார்க்காத பெட்டிக்குப் போகும். டொமைன் காலாவதியானால் வெப்சைட்டோடு, பர்ச்சேஸ் ஆர்டர் வரும் மெயிலும் நின்றுவிடும். போலி மெயிலைக் கண்டுபிடிக்க உதவும் எஸ்பிஎஃப், டிமார்க் என்ற டிஎன்எஸ் பதிவுகள் இல்லாத டொமைனின் பெயரில், ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது’ என்று யார் வேண்டுமானாலும் போலி மெயில் அனுப்பிப் பார்க்கலாம்.

இங்குதான் டிஎன்எஸ்ஸும் நாமும் வேறுபடுகிறோம். அது ஒப்படைத்ததை எழுதி வைக்கிறது, மாற்றும் உரிமையைத் தன்னிடமே வைத்திருக்கிறது. நாமோ வாய்ச்சொல்லில் ஒப்படைத்து உரிமையையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறோம். முதல் வேலையாகப் பதிவாளர் கணக்கைக் கம்பெனியின் பெயருக்கு மாற்ற வேண்டும். மீட்பு ஈமெயில் அதே டொமைனில் இருக்கக் கூடாது. டொமைன் போனால் அந்த மெயிலும் போய்விடும். என்எஸ் சர்வர்கள் குறைந்தது இரண்டு, வெவ்வேறு வலையமைப்புகளில் இருக்க வேண்டும். மெயில் சர்வரை மாற்றும்போது, டிடிஎல் 86,400 நொடியாக இருந்தால் ஒரு நாளுக்கு முன்பே அதை 300-க்குக் குறைக்க வேண்டும். இல்லையென்றால் மாற்றிய பிறகும் ஒரு நாள்வரை சில மெயில்கள் பழைய இடத்துக்கே போகும்.

இவற்றுக்குப் பெரிய முதலீடு தேவையில்லை. யார் பொறுப்பு என்ற தெளிவு வேண்டும். வாகனத் துறைச் சப்ளையர்கள் பின்பற்றும் ஐஏடிஎஃப் 16949 தரநிலை, சைபர் தாக்குதலையும் சேர்த்து அவசரகாலத் திட்டம் கேட்கிறது. கஸ்டமர் ஆடிட்டுக்காக எழுதும் அந்தத் திட்டத்தில், டொமைன் யார் பெயரில் இருக்கிறது, எப்போது காலாவதியாகிறது, டிஎன்எஸ் நின்றால் யாரைக் கூப்பிடுவது என்ற மூன்றையும் சேர்க்க வேண்டும். அளவுகருவிகளுக்குத் தேதி குறித்துக் காலிபரேஷன் செய்யும் தொழிற்சாலைகளுக்கு இது புதிய ஒழுங்கு அல்ல.