சுக்கினி கணக்கு

பார்பரா கிங்சால்வர் என்ற அமெரிக்க நாவலாசிரியை 2007-ல் கணவர், மூத்த மகளோடு சேர்ந்து எழுதிய 'அனிமல், வெஜிடபிள், மிரக்கிள்' புத்தகத்தை இந்த வெயிலில்தான் படித்து முடித்தேன். அரிசோனாவிலிருந்து வர்ஜீனியா மலைப்பக்கத்துப் பண்ணைக்குக் குடிபோய், ஒரு வருஷம் தாங்கள் விளைவித்ததையும் அக்கம்பக்கத்தில் விளைந்ததையும் மட்டுமே சமைத்துச் சாப்பிட்ட கதை.

சுவாரஸ்யமே கோடைகால அத்தியாயங்கள்தான். ஜூலையில் சுக்கினி (பார்க்க வெள்ளரி, ஜாதியில் பூசணி) காய்த்துத் தள்ளுகிறது. காரைப் பூட்டாவிட்டால் யாராவது சீட்டில் வைத்துவிட்டு ஓடிவிடுவார்களாம்! கடைசியில் துருவி, சாக்லேட் பிஸ்கட்டுக்குள் ஒளிக்கிறார்கள். ஆகஸ்டில் தக்காளி. வேகவைத்து, பாட்டிலில் அடைத்து, பனிக்காலத்துக்குச் சேமிக்கிறார்கள். வளர்த்த கோழியை அறுப்பதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். கறி சாப்பிடுகிற எல்லோரும் அந்தப் பக்கங்களைப் படிக்க வேண்டும்.

இடித்தது ஒன்றுதான். ஆளுக்கு, வேளைக்கு, ஐம்பது சென்ட்தான் செலவு என்கிறார். நான் பி.காம்., விடுவேனா? நிலம் கணவருக்கு ஏற்கெனவே சொந்தம். களை பிடுங்கிய முதுகுக்கும், அடுப்படியில் வெந்த மத்தியானங்களுக்கும் கூலியைப் பேரேட்டில் எந்தப் பக்கம் எழுதுவது? மூன்றாவது மாடியில் குடியிருந்துகொண்டு, ராத்திரி எட்டு மணிக்கு வேலையிலிருந்து திரும்புகிற பெண்மணிக்கு இந்த ஐம்பது சென்ட் கட்டுப்படியாகாது. அதை இன்னும் உரக்கச் சொல்லியிருக்கலாம்.

விரதத்தில் ஆளுக்கு ஒரு வெளியூர்ச் சரக்குக்கு மட்டும் விலக்கு உண்டு. கணவர் காபி என்றார். கிங்சால்வர் கேட்டது மஞ்சள், பட்டை, கிராம்பு. அந்த இடத்தில்தான் அம்மாளை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.