கருவும் உரியும்: கேளிக்கைப் பூங்கா உணவகம் பற்றி ஒரு திறனாய்வு

'தீம் பார்க்' என்பதைக் 'கருப்பொருள் பூங்கா' என்றும், அதனுள் அமைந்த உணவகத்தைக் 'கருப்பொருள் உணவகம்' என்றும் இன்று தமிழில் வழங்குகின்றோம். பள்ளியில் நாவலும் நாடகமும் கற்பிக்குங்கால், படைப்பின் மையக் கருத்தையும் கருப்பொருள் என்றே குறிக்கின்றோம். தொல்காப்பியமோ அச்சொல்லை வேறு பொருளில் ஆண்டது. நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியன கருப்பொருள். புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என்னும் ஒழுக்கங்கள் உரிப்பொருள். கருப்பொருள் வரிசையில் தெய்வத்தை அடுத்து உணவு நிற்பது கருதத்தக்கது. இப்பழைய அளவுகோலைக் கையிற்கொண்டு புதிய உணவகத்தை அளந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். உண்ணும் இடத்திற்கு இலக்கணம் எதற்கு என வினவுவார் உளராயின், அவ்வுணவகம் சோற்றோடு ஒரு கதையையும் விற்கின்றது. கதை எனின் அது திறனாய்வுக்கு உரியதே என்பது நம் விடை.

இவ்வகை உணவகங்களுள் முன்னோடியாகச் சுட்டத்தக்கது அமெரிக்காவின் டிஸ்னிலாந்தில் 1967ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற 'புளூ பாயூ' ஆகும். கட்டடத்தின் உள்ளே செயற்கை இரவு வானம் விரிந்திருக்கும். கடற்கொள்ளையர் காட்சிக்குச் செல்லும் படகுகள் உண்போர்க்கு அருகே மிதந்து போகும். வெளியே நண்பகல் வெயில் எரிப்பினும் உள்ளே எக்காலமும் முன்னிரவே. 1994இல் அதே நாட்டில் தோன்றிய 'ரெயின்ஃபாரஸ்ட் கஃபே' இடியையும் மின்னலையும் குறித்த இடைவெளியில் வரவழைத்தது. நிலத்தை மட்டுமன்றிப் பொழுதையும் மனிதன் கூரைக்கடியில் செய்து வைத்தான். முதற்பொருளே விற்பனைப் பொருளாயிற்று என்க. இந்தியாவில் அகமதாபாத்தின் 'விசாலா' 1978இலும், செய்ப்பூரின் 'சோக்கி தாணி' 1989இலும் எழுந்தன. சிற்றூரை விட்டு நகரம் புகுந்தோர், விலை கொடுத்துச் சிற்றூரில் அமர்ந்து உண்ணும் இடங்கள் அவை.

நம் பேராக் மாநிலமும் இவ்வலைக்கு விலகி நிற்கவில்லை. 2004இல் திறக்கப்பெற்ற தம்புன் பூங்கா சுண்ணாம்புக்கல் மலைகளையும் வெந்நீர் ஊற்றுகளையும் தனக்குப் பின்புலமாகக் கொண்டது. அங்கு முதற்பொருளை இயற்கையே அளித்துவிட்டது. மேரு ராயாவில் 2017இல் தொடங்கிய அசைவூட்டப் படப் பூங்கா 2020இல் மூடப்பட்டது. 1999இல் ஈப்போவில் தோன்றிய வெள்ளைக் காப்பி நிறுவனமோ, பழைய சீனர் காப்பிக்கடையின் தோற்றத்தையே வார்ப்பாக்கி ஊர்தோறும் கிளை பரப்பியது. எனவே, இது கடல் கடந்த செய்தி அன்று. நம் பிள்ளைகள் விடுமுறையில் சென்று வரும் இடங்களின் செய்தி.

இவ்வுணவகத்தின் நன்மையை முதலில் கூறிவிடுதல் நடுவுநிலைமையாகும். தந்தை இரவு வேலைக்கும் தாய் பகல் வேலைக்கும் செல்லும் இல்லங்களில், நால்வர் ஒரு மேசையைச் சுற்றி அமர்வதே அரிதாகிவிட்டது. அத்தகைய குடும்பத்தைச் சிறிது நேரமேனும் எதிரெதிரே அமர வைப்பதைக் குறை கூறலாகாது. செயற்கை என்பதும் தன்னளவில் குற்றம் ஆகாது. நம் தெருக்கூத்தில் ஒரு பலகை அரியணையாகும். இரண்டு அடிப் பாட்டில் நாடு காடாகும். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. கூத்தில் எஞ்சிய காட்டைப் பார்ப்பவன் தன் உள்ளத்தால் கட்டி முடிக்கின்றான். பூங்கா உணவகத்தில் இலை, பாறை, விலங்கு, இடியோசை அனைத்தும் முன்னரே கட்டி முடிக்கப்பட்டுவிட்டன. உண்பவன் செய்வதற்கு எஞ்சியது படம் பிடித்தல் ஒன்றே. கருப்பொருள் மிகுந்து உரிப்பொருளுக்கு இடம் குறைந்த இந்நிலையே நாம் காணும் முதற்குறை.

இரண்டாவது குறை விருந்தோம்புவோர் பற்றியது. நிலத்திற்கேற்ற உணவு என்னும் எண்ணம் நமக்குப் புதியது அன்று. நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையில், நல்லியக்கோடனை நாடிச் செல்லும் பாணன் நிலந்தோறும் வெவ்வேறு உணவு பெறுவான். எயிற்பட்டினத்தில் தேறலும் சுட்ட மீனும், வேலூரில் புளியிட்டு ஆக்கிய சோறும் ஆமான் சூட்டிறைச்சியும், ஆமூரில் வெண்சோறும் நண்டும் அவனுக்குக் கிடைக்கும். காட்சி மாற உணவும் மாறுகின்றது. ஆனால் பரதவர் உணவைப் பரதவரே படைக்கின்றனர். எயினர் உணவை எயிற்றியே ஆக்குகின்றாள். படைப்பவர்க்கு அந்நிலம் சொந்தம்.

பூங்கா உணவகத்தில் வேடம் புனைந்து தட்டேந்தி வரும் இளைஞர்க்கு அந்நிலம் சொந்தமன்று. அவருக்கு உரியது சம்பளம் மட்டுமே. உழைக்கும் அவர்மீது நமக்குக் குறையில்லை. தோட்டப்புற மக்கள் இக்காட்சியை முன்பே அறிவர். துரை பங்களாவில் வெள்ளுடை உடுத்திப் பரிமாறியவர்கள் நம் பாட்டன்மார். துரைக்கு அது விருந்து. அவர்களுக்கு அது வேலை. இன்று பங்களா வாழ்க்கையைப் 'பழம்பெருமை' என அழகுபடுத்தி விருந்துக் காட்சியாக்க முனைவோர், மேசையின் எந்தப் பக்கத்திலிருந்து அவ்வாழ்வு நினைக்கப்படுகின்றது என்பதைக் கூறுவதில்லை. அதைக் கேட்கும் பொறுப்பு நம்முடையது.

இனி, உரிப்பொருள் நிறைந்த பந்திக்கு ஒரு சான்று காண்போம். சிலப்பதிகாரத்தில் கோவலன் உண்ணும் இறுதி உணவு மதுரையில், மாதரி அளித்த ஒரு சிறு மனையில் நிகழ்கின்றது. ஆயர் மகளிர் கொடுத்த காய்களும் அரிசியும், ஓலையால் முடைந்த ஒரு தவிசு, ஒரு வாழைக்குருத்து: கருப்பொருள் இவ்வளவே. கண்ணகி கைவருந்தச் சமைத்துப் பரிமாறுகின்றாள். உண்டு முடித்த கோவலன், தன் பெற்றோர் படும் துயரை எண்ணியும், அவளைக் கடுவழி நடத்தி வந்ததை எண்ணியும் வருந்துகின்றான். பின்னர்ச் சிலம்போடு புறப்படுகின்றான். கணவன் மனைவியரிடையே பல்லாண்டு பேசப்படாதிருந்தது அவ்விலையின் அருகே பேசப்பட்டது. அங்கே நாம் நினைவிற் கொள்வது காய்களை அன்று, அப்பேச்சையே.

இவ்வளவுகோலை உணவகத்தின்மீது மட்டும் வைப்பின் நாம் நேர்மையற்றவர் ஆவோம்; நம் எழுத்தின்மீதும் வைத்தல் வேண்டும். அகிலனின் 'பால்மரக் காட்டினிலே' 1970களில் வெளிவந்தது. அதற்கு முன்னும் பின்னும் தோட்ட வாழ்வை வைத்து நம்மவர் எழுதிய கதைகள் மிகப்பல. அவற்றுள் சிறந்தவை காலத்தை வென்று நிற்கும். ஆயின், அண்மைக் காலத்தில் எழுதப்படும் சில கதைகளில் லயன் வீடு, பெரட்டு, மங்கு, காண்டா வாளி, தண்டல், கள்ளுக்கடை என எல்லாம் வரிசையாக வந்து நிற்கின்றன. அவற்றினிடையே வாழும் மனிதனின் நெஞ்சம் மட்டும் வருவதில்லை. அவையும் கருப்பொருள் உணவகங்களே.

மரவள்ளிக்கிழங்கை எடுத்துக்கொள்வோம். 1941 முதல் 1945 வரை நீடித்த சப்பானியர் ஆக்கிரமிப்புக் காலத்தில் அரிசி அற்றுப்போகத் தோட்ட மக்களைக் காத்தது அக்கிழங்கு. சயாம் மரண ரயில் பாதைக்கு ஆண்களை அனுப்பிவிட்டு, அவித்த கிழங்கைப் பங்கிட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்த தாய்மார் பலர். இன்று அதே கிழங்கு தேங்காய்த் துருவலோடு, 'பழைய நினைவு' என்னும் பெயரில், அழகிய தட்டில் வருகின்றது. கிழங்கை விற்பது குற்றமன்று. அதை உண்ணும் பேரனுக்கு அதன் பின்னிருந்த பசி தெரியாமற் போவதே இழப்பு. கரு கைமாறிவிட்டது, உரி வழியில் உதிர்ந்துவிட்டது.

மாணவர் எழுதும் சுற்றுலாக் கட்டுரைகளிலும் இதே நிலையைக் காணலாம். பேருந்து ஏறியது, பூங்காவை அடைந்தது, சறுக்கியது, உண்டது, மகிழ்ச்சியோடு வீடு திரும்பியது என அவை உணவுப் பட்டியல்போல் நீள்கின்றன. பிழை பிள்ளைகளுடையது அன்று, 'என்ன பார்த்தாய்?' என்று மட்டும் நாம் வினவுகின்றோம். 'உடன் உண்டவர் என்ன கூறினார்?', 'யார் குறைவாக உண்டு பிறர்க்குத் தள்ளி வைத்தார்?', 'பாட்டி ஏன் பேசாதிருந்தார்?' என வினவுவோமாயின் விடைகள் வேறாக அமையும். அவ்வினாக்களே உரிப்பொருளைத் தேடும் வினாக்கள்.

மேரு ராயாப் பூங்கா மூன்றாண்டும் நிறையாமல் மூடப்பட்டதை ஈண்டு மீண்டும் எண்ணுதல் தகும். நிறுவனம் ஓய்ந்ததும் அது கட்டிய உலகமும் ஓய்ந்தது. அங்கே ஒன்றாய் அமர்ந்து உண்ட ஒரு குடும்பத்திடம் இன்று எஞ்சியிருப்பது அவர்கள் தமக்குள் பேசிய சொற்கள் மட்டுமே. பேசியிருந்தால் எஞ்சும்; பேசாதிருந்தால் படங்கள் எஞ்சும்.

ஆதலின், பிள்ளைகளைப் பூங்காவிற்கு அழைத்துச் செல்ல வேண்டா என நாம் கூறவில்லை. சென்று வருக, செயற்கை இடியைக் கேட்டு மகிழ்க. திரும்பியபின், தோட்டத்தில் வாழ்ந்த முதியவர் ஒருவரை வகுப்பிற்கு அழைத்து, அவர் சிறுவயதில் எதை உண்டார், யாரோடு உண்டார், அப்போது வீட்டில் என்ன பேசப்பட்டது என மாணவரே வினவச் செய்க. பின்னர் இரண்டு பந்திகளையும் ஒரே கட்டுரையில் எழுதப் பணிக்க. எதில் கரு மிகுந்தது, எதில் உரி நிறைந்தது என்பதை அம்மாணவரே கண்டு கூறுவர்.