எழுதும் நேரம் யாருடையது?

ஆங்கில நாவலாசிரியர் ஆன்டனி டிராலப் 1882-இல் இறந்தார். மறு ஆண்டு வெளிவந்த அவருடைய தன்வரலாறு, அவரை விரும்பிப் படித்தவர்களில் பலரைத் திகைக்க வைத்தது. நாவல்கள் எப்படிப் பிறந்தன என்பதை அவர் கணக்குப்பிள்ளை பேரேடு எழுதுவதுபோல எழுதிவைத்திருந்தார். காலை 5.30 மணிக்கு மேசைமுன் இருப்பார். முதல் அரை மணி நேரம் முந்தைய நாள் எழுதியதைப் படிப்பார். பிறகு கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 சொற்கள் வீதம் எழுதுவார். ஒவ்வொரு நாவலுக்கும் ஒரு நாட்குறிப்பு வைத்து, அன்றன்று முடித்த பக்கங்களை அதில் குறிப்பார். ஒரு நாள் எழுதாமல் போனால் அதுவும் பதிவாகி, திறக்கும்போதெல்லாம் கண்ணில் பட்டு உறுத்தும். காலை உணவு நேரத்துக்குள் மூன்று மணி நேர எழுத்து முடிந்துவிடும். அதன்பிறகு அஞ்சல் துறை வேலை. 1834 முதல் 1867 வரை அந்த வேலையில் இருந்தார். ரயிலில் போகும்போது மடியில் வைத்து எழுத ஒரு பலகை செய்துகொண்டார். பென்சிலால் அவர் எழுதியதை மனைவி ரோஸ் படியெடுத்துத் தந்தார். அவர் விட்டுச்சென்ற நாவல்கள் 47.

அகத்தூண்டல் வந்தால்தான் எழுத்து வரும் என்று நம்பியவர்களுக்கு இந்தக் கணக்கு ஒரு குறையாகத் தெரிந்தது. அவருடைய இலக்கிய மதிப்பு சரிந்ததற்கு இந்த வெளிப்படையான பேச்சும் ஒரு காரணம் என்று சொல்வதுண்டு. ஆனால் அதே பக்கங்களில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. விடியுமுன் அவரை எழுப்பிக் காப்பி கொடுக்க வயதான வேலையாள் ஒருவர் இருந்தார். அதற்காக அவருக்கு ஆண்டுக்கு 5 பவுண்டு கூடுதல் சம்பளம். தன் வெற்றிக்கு வேறு யாரையும்விட அந்த மனிதருக்கே கடன்பட்டிருக்கிறேனோ என்று டிராலப் எண்ணிப்பார்க்கிறார்.

எழுத்தாளர்களின் அன்றாடப் பழக்கங்களைப் பற்றி இதுவரை நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. அமெரிக்கரான மேசன் கரி 2013-இல் வெளியிட்ட ஒரு நூல் மட்டுமே 161 கலைஞர்கள், சிந்தனையாளர்களின் நாளைத் தொகுத்துத் தருகிறது. இவற்றைச் சேர்த்துப் படிக்கும்போது ஒன்று தெளிவாகிறது. நிறைய எழுதியவர்கள் மனவுறுதியை மட்டும் நம்பி உட்காரவில்லை. எப்போது, எங்கே, எவ்வளவு, எதுவரை என்பதை முன்பே முடிவுசெய்துவிட்டார்கள். அந்த முடிவு குலையாமல் காக்க ஓர் ஏற்பாடும், பெரும்பாலும் ஓர் ஆளும், அவர்களுக்கு இருந்தது.

அளவும் நிறுத்துமிடமும்

முதல் முடிவு, எவ்வளவு என்பது. கிரஹாம் கிரீன் நெடுங்காலம் நாளுக்கு 500 சொற்கள் என்று வைத்திருந்தார். ஹாருகி முராகமி நாவல் எழுதும் காலத்தில் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து ஐந்தாறு மணி நேரம் எழுதுவார். ஜப்பானில் 400 எழுத்துக் கட்டங்கள் கொண்ட கையெழுத்துத் தாள் உண்டு. அந்தக் கணக்கில் நாளுக்குப் பத்துப் பக்கம். எழுத்து ஓடினாலும் பத்தோடு நிறுத்துவார். ஓடாத நாளில் எப்படியாவது பத்தை நிரப்புவார். பிற்பகலில் பத்துக் கிலோமீட்டர் ஓட்டம் அல்லது 1,500 மீட்டர் நீச்சல். இரவு ஒன்பது மணிக்கு உறக்கம்.

எர்னஸ்ட் ஹெமிங்வே கியூபாவிலிருந்த தன் வீட்டில் புத்தக அலமாரியின்மேல் டைப்ரைட்டரை வைத்து, நின்றபடி எழுதினார். 1958-இல் ‘தி பாரிஸ் ரிவ்யூ’ இதழில் ஜார்ஜ் பிளிம்டன் எடுத்த நேர்காணல் அந்த அறையை நெருங்கிக் காட்டுகிறது. சுவரில் பாடம்செய்த மான்தலை ஒன்று. அதற்குக் கீழே, அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தில் எழுதிய பட்டியல். அன்றன்று எழுதிய சொற்களின் எண்ணிக்கை: 450, 575, 462, 1,250, 512. நடுவே தெரியும் பெரிய எண்ணுக்குக் காரணம் உண்டு. மறுநாள் மீன்பிடிக்கப் போகும்போது மனம் குறுகுறுக்காமல் இருக்க, முதல் நாளே கூடுதலாக எழுதிவைத்தது அது. தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்ளாதிருக்கத்தான் இந்தக் கணக்கு என்பது அவர் தரும் விளக்கம்.

அளவைவிட நுட்பமானது நிறுத்துமிடம். அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்திருக்கும்போதே ஹெமிங்வே எழுந்துவிடுவார். தெரிந்ததையெல்லாம் எழுதித் தீர்த்துவிட்டுப் போனால் மறுநாள் காலை வெற்றுத் தாளின்முன் உட்கார வேண்டியிருக்கும். அரைக்காட்சியில் விட்டுப்போனவருக்கு முதல் வாக்கியம் முந்தைய நாளே தயார். டிராலப் அரை மணி நேரம் பழைய பக்கங்களைப் படித்ததும் இதே வேலையைத்தான் செய்தது. நேற்றைய நடையின் ஓசை காதில் விழுந்தபிறகே அவர் பேனாவை எடுத்தார்.

அறையும் விடியலும்

மாயா ஏஞ்சலோ தான் வாழ்ந்த ஊரிலேயே ஓர் ஓட்டலில் மாத வாடகைக்கு அறை எடுத்துக்கொள்வார். சுவரிலுள்ள படங்களைக் கழற்றிவிடச் சொல்வார். காலை ஏழு மணிக்குள் அங்கே போய்விடுவார். பைபிள், அகராதி, சீட்டுக்கட்டு, ஒரு பாட்டில் ஷெர்ரி, மஞ்சள் தாள் குறிப்பேடு ஆகியவையே துணை. கட்டிலில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு எழுதியதில் ஒரு முழங்கை காய்த்துப்போனது என்று அவரே சொல்லியிருக்கிறார். பிற்பகலில் வீட்டுக்குத் திரும்பிவிடுவார். கண்ணையும் கவனத்தையும் இழுக்கும் எதுவும் அந்த அறையில் இருக்கக் கூடாது என்பதே அவர் போட்ட விதி.

அறைக்கு வாடகை கொடுக்க வழியில்லாதவர்கள் நேரத்தைத் தேடினார்கள். டோனி மாரிசன் ‘ராண்டம் ஹவுஸ்’ பதிப்பகத்தில் ஆசிரியராக வேலைபார்த்துக்கொண்டே இரண்டு மகன்களைத் தனியாக வளர்த்தவர். பிள்ளைகள் எழுந்து அம்மா என்று கூப்பிடுவதற்குமுன் எழுதியாக வேண்டும். எனவே இருட்டோடு எழுந்து, காப்பி போட்டுக் குடித்துக்கொண்டே வெளிச்சம் வருவதைப் பார்ப்பார். தேவையால் வந்த அந்தப் பழக்கம், பிள்ளைகள் வளர்ந்தபிறகும் அவரை விடவில்லை. ஆலிஸ் மன்ரோ குழந்தைகள் தூங்கும் பொழுதுகளில் எழுதினார். நாவலைவிடச் சிறுகதை தனக்குக் கைவந்ததற்கு இப்படித் துண்டுதுண்டாகக் கிடைத்த நேரமும் காரணம் என்று அவர் கூறியதுண்டு. அன்றாடம் எழுத்தின் அளவை மட்டுமல்ல, வடிவத்தையும் மாற்றிவிடுகிறது.

எதிர்த்திசையில் காஃப்கா இருக்கிறார். பிராகில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் அவருக்குப் பிற்பகல் இரண்டு மணியோடு வேலை முடியும். மதியம் தூங்கி, வீடு அடங்கியபின் இரவு பத்தரை பதினோரு மணிக்கு எழுதத் தொடங்குவார். 1912 செப்டம்பர் 22 இரவு பத்து மணிக்கு உட்கார்ந்தவர், மறுநாள் காலை ஆறு மணிக்கு ‘தீர்ப்பு’ கதையை முடித்துவிட்டே எழுந்தார். எழுத்து என்றால் இப்படித்தான் நடக்க வேண்டும் என்று அன்றைய நாட்குறிப்பில் பூரித்துப்போகிறார். ஒரு சிறுகதையை ஓர் இரவு தாங்கும், நாவலைத் தாங்காது. அவர் தொடங்கிய மூன்று நாவல்களும் முற்றுப்பெறாமலே நின்றன. உடல்நலமும் வேறு பலவும் அதற்குக் காரணங்கள் என்றாலும், ஒரே மூச்சில் எழுதியாக வேண்டும் என்ற அந்த எதிர்பார்ப்பையும் அவற்றோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

கெடு

தமிழில் எழுத்துப் பழக்கத்தின் வரலாறு பெரும்பாலும் பத்திரிகையின் வரலாறு. கல்கி தன் வார இதழுக்கு ஆசிரியராக இருந்துகொண்டே 1950 முதல் 1954 வரை ‘பொன்னியின் செல்வன்’ தொடரை எழுதினார். தலையங்கம், விமரிசனம், கட்டுரை எல்லாவற்றுக்கும் நடுவே அத்தியாயம் அச்சுக்குப் போயாக வேண்டும். படம் வரைய ஓவியர் மணியமும் காத்திருப்பார். உ.வே. சாமிநாதையர் 1940 ஜனவரியில் ‘ஆனந்த விகடன்’ இதழில் ‘என் சரித்திரம்’ தொடங்கியபோது அவருக்கு 84 வயது. 1942-இல் மறையும்வரை அத்தியாயங்கள் வந்துகொண்டிருந்தன. நூல் நிறைவுபெறவில்லை. ஆனாலும் வாரக்கெடு இல்லாமல் இருந்திருந்தால் அந்த வயதில் அவ்வளவு பக்கங்கள் நமக்குக் கிடைத்திருக்குமா என்பது ஐயமே.

இணையம் வந்தபின் கெடுவைத் தானே விதித்துக்கொள்ள முடிந்தது. ஜெயமோகன் 2014 ஜனவரி 1 அன்று மகாபாரதத்தை நாவல் வரிசையாக எழுதத் தொடங்கினார். நாளுக்கொரு அத்தியாயம் தன் இணையதளத்தில் வெளியானது. நாவலுக்கும் நாவலுக்கும் இடையே மட்டும் சிறு ஓய்வு. 2020 ஜூலையில் 26-ஆவது நாவலோடு ‘வெண்முரசு’ நிறைவுற்றது. காலையில் வாசகர் வந்து பார்ப்பார் என்ற உறுதி, ஆசிரியரின் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் ஒரு சாட்சி.

சாட்சியே இல்லாத பழக்கமும் தமிழில் உண்டு. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736-இல் நாட்குறிப்பைத் தொடங்கினார். தமிழ் ஆண்டு, மாதம், தேதி, கிழமை போட்டு, கவர்னர் மாளிகைப் பேச்சு, கப்பல் வரவு, சரக்கு விலை என 1761-இல் அவர் இறக்கும் காலம்வரை பதிவுகள் தொடர்ந்தன. அச்சில் வரும் என்ற எண்ணமோ வாசகர் கூட்டமோ இல்லாமல் கால் நூற்றாண்டு நடந்த வேலை அது.

கெடு கழுத்தை நெரித்த கதை தஸ்தயெவ்ஸ்கியுடையது. 1866 நவம்பர் 1-க்குள் புதிய நாவல் ஒன்றைத் தராவிட்டால், ஒன்பது ஆண்டுகளுக்கு அவருடைய படைப்புகளைப் பணம் தராமலே வெளியிடும் உரிமை பதிப்பாளர் ஸ்தெல்லோவ்ஸ்கிக்குப் போய்விடும் என்பது ஒப்பந்தம். அக்டோபர் தொடக்கத்தில் அன்னா ஸ்னித்கினா என்ற இளம் சுருக்கெழுத்தாளர் வேலைக்கு வந்தார். பகலில் தஸ்தயெவ்ஸ்கி சொல்லச் சொல்ல அன்னா எழுதினார். இரவில் வீட்டில் அதை விரித்து எழுதிக்கொண்டு மறுநாள் வந்தார். 26 நாளில் ‘சூதாடி’ முடிந்தது. அடுத்த ஆண்டு இருவரும் மணந்துகொண்டார்கள்.

ஆய்வுகள் சொல்வது

இவையெல்லாம் தனிமனிதர்களின் கதைகள். அளந்து பார்த்தவர்களும் உண்டு. அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் பாய்ஸ், எழுத்து தடைப்பட்டு நின்ற பேராசிரியர்கள் 27 பேரை வைத்துச் செய்த சோதனையை 1983-இல் வெளியிட்டார். ஒரு பிரிவினர் அவசரம் நேர்ந்தால் ஒழிய எழுதக் கூடாது. இன்னொரு பிரிவினர் மனம் வந்தால் எழுதலாம். மூன்றாம் பிரிவினர் தினமும் குறித்த அளவு எழுதியே ஆக வேண்டும். தவறினால் தாங்கள் வெறுக்கும் ஓர் அமைப்புக்குப் பணம் போய்விடும். கட்டாயத்தில் எழுதியவர்கள் நாளுக்கு மூன்று பக்கத்துக்குமேல் எழுதினார்கள். மனம் வரக் காத்திருந்தவர்கள் ஒரு பக்கத்தைக்கூட எட்டவில்லை. புதிய எண்ணங்களும் கட்டாயத்தில் எழுதியவர்களுக்கே அதிகம் தோன்றின. சிறிய சோதனைதான், அதுவும் கல்வித்துறை எழுத்தைப் பற்றியது. அதைக் கவிதைக்கு அப்படியே பொருத்த முடியாது. இருந்தாலும் எழுத எழுதத்தான் எண்ணம் ஊறுகிறது என்று எழுத்தாளர்கள் காலங்காலமாகச் சொல்லிவருவதற்கு அது ஒரு சான்று.

பழக்கம் ஒட்டிக்கொள்ள எத்தனை நாள் ஆகும்? 21 நாள் என்ற பேச்சு எங்கும் உலவுகிறது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைத் தொடர்ந்து கவனித்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில் சராசரி 66 நாள் என்று வந்தது. சிலருக்கு 18 நாள். சிலருக்கு 254 நாள் ஆகும் என்பது கணிப்பு. இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய கேடு எதுவும் நேரவில்லை. தொடங்கிய மூன்றாம் வாரத்தில் தளர்ந்து, தனக்கு எழுத்து வராது என்று ஒதுங்கிவிடும் இளைஞர்களுக்கு இந்த எண்களை எடுத்துச் சொல்ல வேண்டும்.

யார் காத்தார்கள்

அளவு, இடம், நேரம், கெடு என்ற நான்கையும் பேசும் நூல்கள் ஐந்தாவதைப் போகிறபோக்கில்தான் தொடுகின்றன. எழுதுபவருடைய நேரத்தைக் காத்த மனிதர்கள் அவர்கள். டிராலப்புக்கு ஒரு வேலையாள், ஒரு மனைவி. தஸ்தயெவ்ஸ்கிக்கு அன்னா. ‘போரும் அமைதியும்’ நாவலைப் பலமுறை படியெடுத்தவர் டால்ஸ்டாயின் மனைவி சோஃபியா. நபகோவின் கையெழுத்துப் படிகளை டைப் செய்தவர் மனைவி வேரா. அன்றாட ஒழுங்கு என்று நாம் வியப்பதில் ஒரு பெரும்பங்கு வீட்டிலுள்ள இன்னொருவரின் உழைப்பு.

அந்தக் காவல் இல்லாதபோது என்ன ஆகும் என்பதற்குத் துவரங்குறிச்சியில் வாழ்ந்த கவிஞர் சல்மாவின் வாழ்க்கை சாட்சி. பூப்பெய்தியதும் பள்ளிப்படிப்பு நின்றது. திருமணத்துக்குப்பின் கணவர் வீட்டில் எழுத்துக்குத் தடை. எல்லோரும் உறங்கியபின் கழிவறையில், கிடைத்த துண்டுத்தாள்களில் எழுதினார். தாள்களை ஒளித்துவைத்தார். தாயின் உதவியோடு அவை வீட்டைவிட்டு வெளியேறி இதழ்களுக்குப் போயின. ஊர் அறியாதிருக்கவே சல்மா என்ற புனைபெயர். 2000-இல் ‘ஒரு மாலையும் இன்னொரு மாலையும்’ தொகுப்பும், 2004-இல் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ நாவலும் வந்தன. குறித்த அளவு, குறித்த நேரம் என்ற அறிவுரை எதுவும் அந்த வீட்டில் செல்லுபடி ஆகியிருக்காது. அங்கே தேவைப்பட்டது தாழ்ப்பாள் உள்ள ஒரு கதவும், தாளை வெளியே கொண்டுசேர்க்கும் ஒரு தாயும்.

கதையின் கரு எங்கிருந்து கிடைத்தது, யாருடைய பாதிப்பு என்பவை தமிழ் நேர்காணல்களில் தவறாமல் இடம்பெறும் கேள்விகள். எத்தனை மணிக்கு எழுதினீர்கள், எந்த அறையில், அந்த நேரத்தில் சமையலையும் பிள்ளைகளையும் யார் பார்த்துக்கொண்டார்கள் என்பவையும் அவற்றோடு சேர வேண்டும். ஆண் எழுத்தாளர்களிடமும் இதைக் கேட்க வேண்டும். அவர்களுக்காகப் படியெடுத்தவர்கள், கெடுவை நினைவூட்டியவர்கள், வந்தவரை வாசலிலேயே பேசி அனுப்பியவர்கள் பலர் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். அவர்கள் பெயர்களோடு அந்தப் பதிவுகளை எடுத்துவைக்கும் வேலையை நம் இலக்கிய இதழ்கள் இப்போதே தொடங்கலாம்.