கூடாரங்களும் நகரத்தின் மொழியும்

2024 ஆம் ஆண்டு ஜூன் 28 ஆம் திகதி ஐக்கிய அமெரிக்காவின் உயர் நீதிமன்றம் வழங்கிய ஒரு தீர்ப்பை இலக்கிய மாணவர்கள் படிக்க வேண்டும் என்று கூறின், சட்டத்துக்கும் இலக்கியத்துக்கும் யாது தொடர்பு என வினவுவோர் இருக்கக்கூடும். தொடர்பு உண்டு. சட்டமும் மனிதரைப் பாத்திரங்களாக்கியே பேசுகின்றது. எவரை எவ்வாறு பாத்திரமாக்குகின்றது என்பதிலேதான் அதன் வர்க்க நிலைப்பாடு வெளிப்படுகின்றது.

ஒறிகன் மாநிலத்திலுள்ள கிரான்ற்ஸ் பாஸ் ஏறத்தாழ 38,000 மக்களைக் கொண்ட சிறு நகரம். பொது இடத்தில் போர்வை விரித்துத் தற்காலிகமாக வாழ்தலை அந்நகரச் சட்டம் தடைசெய்தது. குற்றப்பணம் 295 டொலர்; செலுத்தத் தவறின் அது 537 டொலரைத் தாண்டும். மீண்டும் மீண்டும் அகப்பட்டவர் பூங்காவிலிருந்து விலக்கப்படுவார். விலக்கை மீறின் முப்பது நாள் வரை சிறை. நகரசபை நடத்தும் தங்குமனை ஒன்றுதானும் அங்கு இருக்கவில்லை. மதச்சார்புடைய ஒரு மனை இருந்தது. அங்கு இடம் பெற வேண்டுமாயின் வழிபாட்டுக்குச் செல்ல வேண்டும். ஒரு மனிதன் இரவில் எங்குதான் கண்ணயர்வது என்னும் கேள்விக்கு அந்நகரம் மறைமொழியில் விடை கூறவில்லை. 2013 ஆம் ஆண்டு நகரசபையினர் கூடி ஆராய்ந்தபோது, இவர்கள் வேறூர் நோக்கிச் செல்லும் அளவுக்கு இவ்வூர் வாழ்வைச் சங்கடமாக்குவதே நோக்கம் என்ற கருத்து வெளிப்படையாகவே கூறப்பட்டுப் பதிவும் செய்யப்பட்டது.

ஆறு நீதியரசர்கள் நகரின் பக்கம் நின்றனர், மூவர் மறுத்தனர். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீல் கோர்சச், இச்சட்டம் வீடற்றோரைக் குறிவைத்ததன்று, எவருக்கும் பொதுவானது என்று நிறுவுவதற்கு மூன்று பாத்திரங்களை ஒரே வரிசையில் நிறுத்துகின்றார்: வீடற்றவர் ஒருவர், விடுமுறையிலே முதுகில் மூட்டை சுமந்து ஊர் சுற்றும் ஒருவர், விடுதி அறையை விட்டு வந்து நகரமண்டபப் புற்றரையிற் கூடாரமடித்து எதிர்ப்புத் தெரிவிக்கும் மாணவர் ஒருவர். கதை எழுதப் பழகுபவன் கூட இவ்வரிசையின் பொய்ம்மையைக் கண்டுகொள்வான். பின்னிருவருக்கும் திரும்பிச் செல்ல அறையுண்டு, முதல்வருக்கு இல்லை. அந்த ஒரு வேறுபாட்டை நீக்கிவிட்டாற்றான் மூவரும் ஒருவராவர். அதனை நீக்கும் தொழிலையே இங்கு ‘சமத்துவம்’ என்னும் சொல் செய்கின்றது. 2018 இல் போய்சி நகர் தொடர்பான வழக்கில், தங்க இடமில்லாதவரைத் துயின்றமைக்காகத் தண்டித்தல் ஆகாது என மேற்குப் பகுதி மேன்முறையீட்டு நீதிமன்றம் கூறியபோது, அத்தீர்ப்பு அனதோல் பிரான்சின் ‘சிவந்த அல்லி’ என்னும் 1894 ஆம் ஆண்டு நாவலின் வாசகம் ஒன்றுடன் தொடங்கிற்று. சட்டத்தின் இத்தகைய சமத்துவத்தை எள்ளி நகையாடும் வாசகம் அது. நகையாடப்பட்ட வாதமே ஆறாண்டுகளின் பின் நாட்டின் சட்டமாயிற்று.

‘காம்பிங்’ என்னும் சொல்லையும் சற்று நோக்குக. ஆங்கிலத்தில் அது உல்லாசத்தின் சொல். மலையடிவாரத்தில் நெருப்பு மூட்டி உணவு சமைத்து மகிழும் குடும்பமே அச்சொல்லைக் கேட்டதும் நினைவுக்கு வரும். (முகாம் என்னும் தமிழ்ச் சொல்லுக்கு ஏறியுள்ள கசப்பை நம் நாட்டு வாசகருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.) பாலத்தின் கீழ் அட்டைப்பெட்டி விரித்துக் கிடப்பவனின் செயலுக்கு அவ்வுல்லாசச் சொல்லைச் சூட்டியவுடன், அவன் கிடப்பது விரும்பி மேற்கொண்ட ஒரு செயலாகிவிடுகின்றது, விரும்பிச் செய்ததைத் தடைசெய்யவும் தண்டிக்கவும் அரசுக்கு உரிமை பிறந்துவிடுகின்றது. வழக்காடப்பட்டபோது நீதியரசர் சோட்டோமேயர், விண்மீன் பார்க்கச் சென்று போர்வையுடன் உறங்கிப்போனவரைப் பொலிசார் கைதுசெய்வதில்லையே எனச் சுட்டிக்காட்டினார். போர்வை ஒன்றே. உறக்கமும் ஒன்றே. விடிந்ததும் செல்ல வீடு இருக்கின்றதா என்பதுதான் குற்றவாளியையும் குற்றமற்றவனையும் பிரிக்கின்றது.

அமெரிக்க இலக்கியத்துக்கு இது புதிய செய்தியன்று. ஜோன் ஸ்டீன்பெக்கின் ‘த கிரேப்ஸ் ஒவ் ராத்’ 1939 இல் வெளிவந்தது. ஒக்லஹோமாவில் நிலமிழந்த ஜோட் குடும்பம் கலிபோர்ணியாவுக்கு வந்து காண்பது, சாக்கும் தகரமும் கொண்டு அமைந்த ‘ஹூவர்வில்’ குடியிருப்பையே. பொருளாதாரப் பெருமந்த காலத்திலே சனாதிபதியின் பெயரைச் சேரிக்குச் சூட்டி மக்கள் தம் ஏளனத்தைத் தீர்த்துக்கொண்டனர். அங்கு ஆட்பிடிக்க வந்த ஒப்பந்தகாரனிடம் ஒருவன் கூலி எவ்வளவு என்று கேட்கின்றான். கேட்டவன் கலகக்காரனாகின்றான், கைகலப்பு நேர்கின்றது, கூடாரங்கள் அன்றிரவே எரிக்கப்படும் என்ற அச்சத்தில் குடும்பம் ஓடுகின்றது. இக்காட்சியில் நாம் மறக்கலாகாத நுட்பம் ஒன்றுண்டு. அவ்விடத்தை அப்புறப்படுத்த வேண்டும் என்பதற்குப் பொலிஸ்காரன் கூறும் காரணம் சுகாதார சபையின் கட்டளை. கூலியைக் கேட்ட குற்றம் நாற்றத்தின் குற்றமாக மாற்றி எழுதப்படுகின்றது. இன்றைய நகரங்கள் கூடாரங்களைப் பெயர்க்கும்போது ஒட்டும் அறிவித்தல்களில் ‘சுகாதாரம்’, ‘பாதுகாப்பு’ என்னும் சொற்களைக் காணும்போதெல்லாம் அப்பொலிஸ்காரனின் குரல் கேட்கின்றது.

ஸ்டீன்பெக் மிகைப்படுத்தினார் என்று அன்று கூறியோர் பலர். கேர்ண் மாவட்ட நிருவாகம் அந்நாவலைத் தன் நூலகங்களிலும் பாடசாலைகளிலும் தடைசெய்தது. ஆனால் 1936 பெப்ரவரியில் லொஸ் ஏஞ்சல்ஸ் பொலிஸ் தலைவர், தம் நகரிலிருந்து நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பாலுள்ள மாநில எல்லைகளுக்கு 136 பொலிசாரை அனுப்பி, கையிற் பணமில்லாது வருவோரைத் திருப்பி விரட்டினார் என்பது வரலாறு. வறியவரைக் கலிபோர்ணியாவுக்குள் அழைத்து வருவதைக் குற்றமாக்கிய சட்டத்தை 1941 இல் இதே உயர் நீதிமன்றம் செல்லாதென்றது.

நாவலின் பிற்பகுதியில் வரும் வீட்பச் அரசாங்க முகாம், ஸ்டீன்பெக் முன்வைக்கும் மாற்றுவழி. அங்கு தண்ணீரும் கழிப்பிடமும் உண்டு. குடியிருப்போர் தம்மைத் தாமே ஆளும் குழுவைத் தெரிவுசெய்கின்றனர். பிடியாணையின்றிப் பொலிஸ் நுழைய முடியாது. வாசகன் அங்கு மூச்சு விடுகின்றான். ஆயின் ஜோட் குடும்பம் அங்கும் நிலைக்கவில்லை. ஏன்? வேலை இல்லை. தூய்மையும் கண்ணியமும் உள்ள முகாமிலும் மனிதன் பட்டினி கிடக்கலாம் என்பதைக் காட்டியமை ஆசிரியரின் யதார்த்தப் பார்வைக்குச் சான்று. இவ்விடத்தில் அவரது கொள்கையினும் அவரது கலை நேர்மை வலிது எனலாம்.

எனினும் குறையொன்றைக் கூறாதிருத்தல் விமர்சனமாகாது. ஜோட்கள் வருவதற்கு முன்னர் அதே வயல்களில் உழைத்தவர்கள் மெக்சிக்கரும் பிலிப்பினோக்களும் யப்பானியரும். நாவலின் நடுக்களத்தில் அவர்கள் இல்லை. 1936 இல் அவர் எழுதிய பத்திரிகைக் கட்டுரைகளிலோ, புதிதாய் வந்தோர் வெள்ளை அமெரிக்கர், ஆதலின் முன்னையோர் போல் நடத்தப்பட ஒப்பார் என்னும் தொனி வெளிப்படையாகவே ஒலிக்கின்றது. வாசகனின் இரக்கத்தைப் பெறுவதற்காகத் துன்புறுவோரை ‘தகுதியுடைய’ ஏழைகளாக ஆக்கும் வழி இது. அவ்வழியின் அபாயம், தகுதியற்ற ஏழை என்னும் இன்னொருவனை அது தானே படைத்துவிடுவதாகும். இன்று லொஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டச் சனத்தொகையில் கறுப்பினத்தவர் பத்திலொரு பங்குக்கும் குறைவு; வீடற்றோருள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர். இவர்களுக்கு அந்த நாவலின் இரக்கம் எளிதிற் கிட்டுவதில்லை.

அந்நகரின் எக்கோ பார்க் ஏரிக்கரையை எடுத்துக்கொள்வோம். பெருந்தொற்றுக் காலத்தில் அங்கு கூடாரக் குடியிருப்பொன்று பெருகிற்று. அங்கு வாழ்ந்தோர் சமையலிடமும் தோட்டமும் அமைத்தனர். 2021 மார்ச்சில் பெரும் பொலிஸ் படை சூழ, அவ்விடம் வெறுமையாக்கப்பட்டு வேலியிடப்பட்டது. அனைவருக்கும் தங்குமிடம் அளிக்கப்பட்டதென நகர ஆட்சியினர் பெருமைப்பட்டனர். கலிபோர்ணியாப் பல்கலைக்கழக ஆய்வாளர் ஓராண்டின் பின் பின்தொடர்ந்து பார்த்தபோது, பட்டியலிலிருந்த 183 பேருள் நிரந்தர வீடு பெற்றிருந்தோர் 17 பேர். ஏரி அழகாயிற்று என்பது உண்மை. 1872 இல் வீட்டுப் பிரச்சினை பற்றி எழுதிய ஏங்கல்ஸ், முதலாளித்துவம் அப்பிரச்சினையைத் தீர்ப்பதில்லை, இடம் பெயர்க்கின்றது என விளக்கியிருந்தார். அவர் கூறியதற்கு உதாரணம் தேடி மாணவர்கள் பழைய பாரிஸ் நகருக்குச் செல்ல வேண்டியதில்லை.

போதைப்பொருளும் மனநோயுமே காரணம் என்போர்க்கு ஒரு விடை. மேற்கு வேர்ஜீனியா போதையால் மிகுதியானோர் இறக்கும் மாநிலங்களுள் ஒன்று. அங்கு வீடற்றோர் விகிதம் குறைவு. ஏனெனில் வாடகை குறைவு. 2023 இல் வெளிவந்த கலிபோர்ணிய ஆய்வொன்று, வீடிழப்பதற்கு முந்திய ஆறு மாதங்களில் அம்மக்களின் இடைநிலை மாத வருமானம் 960 டொலர் என்கின்றது. தனித்து வாழ்ந்த வளர்ந்தோருள் ஏறத்தாழ அரைவாசிப் பேர் ஐம்பது வயதைக் கடந்தவர்கள். பத்தில் ஒன்பது பேர் கடைசியாக வீடு கொண்டிருந்ததும் அதே மாநிலத்தில்தான். வெளியூரிலிருந்து வந்த கூட்டம் என்னும் கதையும் இத்துடன் முடிகின்றது. 2024 ஜனவரியில் ஓர் இரவில் நாடளாவிய கணக்கெடுப்பில் எண்ணப்பட்டோர் 771,480 பேர். முந்திய ஆண்டினும் 18 சதவீதம் அதிகம். ஓராண்டுக்குள் இத்தனை மனிதர் சோம்பேறிகளாகினர் என்று எவரே நம்புவர்?

முற்போக்கு எழுத்தாளர் சிலர் இதற்கு எதிராக வேறொரு தவறிழைக்கின்றனர். கூடாரத்தை விடுதலையின் சின்னமாகப் பாடுகின்றனர். நடைபாதை முழுவதும் அடைபட்டால் சக்கர நாற்காலியிற் செல்பவர் தெருவில் இறங்க வேண்டும். பாடசாலை வாயிலில் ஊசிகள் கிடந்தால் தாய் அஞ்சுவாள். அவ்வச்சத்தை பூர்ஷ்வா மனப்பான்மை என்று ஒதுக்குவது நேர்மையன்று. மழையிலும் வெயிலிலும் கூடாரத்தில் வாழ்பவரும் அதனை விரும்பவில்லை; அவர்கள் கேட்பது கதவும் பூட்டும். ஹியூஸ்ரன் நகரம் முதலில் வீடு, பின்னர் மருத்துவமும் பிறவும் என்னும் முறையால் 2011 முதல் வீடற்றோர் தொகையை அரைவாசிக்கும் கீழாகக் குறைத்தது. அது சோசலிச நகரமன்று; வீடுகள் கிடைத்தன, ஆட்களைக் குடியேற்றினார்கள், அவ்வளவே. அதே முறைக்கான மத்திய அரசின் ஆதரவை நிறுத்துமாறு 2025 ஜூலையில் வெள்ளை மாளிகை ஆணை பிறப்பித்தது. அதற்கு ஓராண்டு முன், தீர்ப்பு வந்து ஒரு மாதம் நிறைவதற்குள், மறுகட்சியைச் சேர்ந்த கலிபோர்ணிய ஆளுநர் கூடாரங்களை அகற்றுமாறு தம் திணைக்களங்களுக்குப் பணித்திருந்தார். இவ்விடயத்தில் இரு கட்சிகளுக்குமிடையே உள்ள தூரம் நாம் நினைப்பதிலும் குறைவு.

நம் காப்பிய மரபில் மணிமேகலை புகார் நகரத்துச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டம் ஆக்குகின்றாள். மேடைகளில் இதனை எடுத்துப் பெருமை பேசுவோர் உளர். அங்கும் வறியவர் பெற்றது அரசன் உவந்து அளித்த வரமே, உரிமையன்று. இதையும் வகுப்பறையில் சேர்த்துச் சொல்லவேண்டும். ஆனாலும் சிறை அறச்சாலையாகும் கதையையும் பூங்கா சிறைக்கு வாயிலாகும் தீர்ப்பையும் அருகருகே வைத்துப் படிக்கும் மாணவன் எளிதில் ஏமாறமாட்டான்.

கிரான்ற்ஸ் பாஸ் வழக்கு முதலில் வேறொரு பெண்ணின் பெயரில் தொடுக்கப்பட்டது. அவர் அந்நகரிலேயே பல்லாண்டு வாழ்ந்தவர், வேலையிழந்து வீடிழந்தவர். துயின்றமைக்கான குற்றப்பணமாக அவர் பெயரில் 5,000 டொலருக்கு மேல் நிலுவை நின்றது. 2021 இல், தீர்ப்பு வருவதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்னர், அவர் இறந்தார். வழக்கு வேறொருவர் பெயரில் தொடர்ந்து உயர் நீதிமன்றத்தை அடைந்தது.