காலி மனைக்குக் காவல் யார்?

பெங்களூரில் ஒரு காலி சைட் சில மாதம் சும்மா கிடந்தால் போதும். முதலில் கட்டட இடிபாடு வந்து விழும், பிறகு குப்பைப் பைகள். கடைசியில் மாநகராட்சி அந்த இடத்துக்கு 'பிளாக் ஸ்பாட்' என்று பெயர் வைக்கும். அதைப் பூங்காவாக்குவது செடி வைக்கிற வேலை என்றுதான் பலர் நினைக்கிறார்கள். பாதி வேலை நிலத் தகராறு.

சதாசிவநகர்ப் பக்கம் ராஜமகால் விலாஸ் விரிவாக்கத்தில் பூங்காவுக்கென்று ஒதுக்கியிருந்த இடத்தை, முதலமைச்சர் சொன்னார் என்று பெங்களூர் வளர்ச்சி ஆணையம் (பி.டி.ஏ.) தனியார் மருத்துவமனை கட்டக் கொடுத்தது. அக்கம்பக்கத்தார் வழக்குப் போட்டார்கள். மருத்துவமனையும் பொது நன்மைதானே என்ற வாதம் உச்ச நீதிமன்றம் வரை போய், 1991இல் அங்கே தோற்றது. பூங்காவுக்கு விட்ட இடம் பூங்காவுக்குத்தான். அதைக் கேட்கக் குடியிருப்பவர்களுக்கு உரிமை உண்டு என்றது தீர்ப்பு. வழக்கறிஞர்கள் இன்றும் அதை மேற்கோள் காட்டுகிறார்கள்.

கோர்ட் வாசல் மிதிக்காதவர்களும் உண்டு. 2010இல் கிளம்பிய 'தி அக்லி இந்தியன்' குழுவினர் தங்கள் பெயரையே வெளியே சொல்வதில்லை. குப்பையை அள்ளுவார்கள், நடைபாதைக் கல்லைச் சரிசெய்வார்கள், சுவரின் அடிப்பட்டைக்குச் செங்காவி அடிப்பார்கள். யாராவது வெற்றிலை எச்சில் துப்பினாலும் அந்த நிறத்தில் கறை எடுபடாது! பிறகு பூந்தொட்டி. எதிர்க்கடைக்காரர் தண்ணீர் ஊற்றினால் இடம் பிழைக்கும். இல்லையென்றால் குப்பை திரும்பி வரும். ஜே.பி. நகரில் புட்டேனஹள்ளி ஏரிக்காக அக்கம்பக்கத்தார் 2010இல் அறக்கட்டளையே பதிவுசெய்தார்கள். அடுத்த ஆண்டு மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டுப் பராமரிப்பை ஏற்றார்கள். தண்ணீர் ஊற்றுவது யார் என்ற கேள்விக்கு அங்கே எழுத்திலேயே பதில் கிடைத்தது.

கொழும்பிலும் இப்படியொரு நில வழக்கு நடந்தது. நகரை ஒட்டிய பத்தரமுல்லையில் பொதுத் தேவைக்கென்று அரசு எடுத்த சதுப்பு நிலம் தனியார் கோல்ஃப் மைதானமாகிவிட்டது. 2008 அக்டோபரில் இலங்கை உச்ச நீதிமன்றம் அந்த நிலத்தை அரசிடம் திருப்பச் சொன்னதோடு, முன்னாள் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்கவை 30 லட்சம் ரூபாய் கட்டவும் வைத்தது. இவ்வளவு துணிச்சலான தீர்ப்பு இந்தியாவிலேயே அபூர்வம்.

ஆனால் தீர்ப்புக்குப் பிறகு அந்த இடம் அக்கம்பக்கத்தார் கைக்கு வரவில்லை. நகர அபிவிருத்தி அதிகார சபையின் கைக்குப் போனது. அந்த நிலத்தில் இருந்த வாட்டர்ஸ் எட்ஜ் ஹோட்டல் இன்றும் நடக்கிறது. 2010இல் அந்தச் சபையே பாதுகாப்பு அமைச்சின்கீழ் வந்தது. 2012இல் ஹோட்டலுக்குப் பக்கத்திலேயே தியத்த உயன பூங்கா திறந்தாயிற்று. நடைபாதை, விளக்கு, கடைகள் எல்லாம் கச்சிதம். 2018இல் கொழும்புக்கு ராம்சார் ஈரநில நகரம் என்ற அங்கீகாரமும் கிடைத்தது. அதே பாதுகாப்பு அமைச்சுத்தான் 2010 மே மாதம் கொழும்பின் கொம்பனித்தெருவில் வீடுகளை இடித்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சுத்தமும் வேகமும் வேண்டுமென்றால் கொழும்புக்குத்தான் மதிப்பெண். பெங்களூர்ப் பூங்காக்களில் பெஞ்சு உடைந்திருக்கும், குழாயில் தண்ணீர் வராது. ஆனால் நாளைக்கு அதிகாரி மனம் மாறி வேறெதையோ கட்ட வந்தால், வாசலில் நின்று கேட்க நாலு பேர் இருப்பது பெங்களூரில்தான்.

உங்கள் தெருமுனைக் காலி இடம் லேஅவுட் வரைபடத்தில் என்னவென்று குறித்திருக்கிறது? தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதிக் கேளுங்கள். இலங்கை வாசகர்களுக்கும் அப்படியொரு சட்டம் 2016 முதல் உண்டு.