பொருந்தல் நெல்லும் நோட்புக்எல்எம்மும்

ஒன்பதாம் வகுப்பில் ‘பண்டைய நாகரிகங்கள்’ பாடம் வந்துவிட்டால் வகுப்பே எகிப்துக்குக் கிளம்பிவிடும். அங்கிருந்து மெசபடோமியா, சீனா, சிந்துவெளி. பழனி மலைத்தொடரில் தாண்டிக்குடி பக்கம் காபித் தோட்டங்களுக்கு இடையே, பண்டைக்கால ஈமச்சின்னங்களான கல்திட்டைகள் நிற்கின்றன. மலையூர்ப் பிள்ளைகளுக்கு அவை ‘குள்ளர் குகை’, ‘பாண்டவர் வீடு’. நைல் நதிப் பாடத்துக்கும் இந்தக் கற்களுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா என்று கேட்கும் பிள்ளைக்குப் பாடநூலில் பெரிதாகப் பதில் இல்லை. செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகத்தான் இந்தச் சோதனை.

உரைகல்லாக எடுத்துக்கொண்டது பொருந்தல். பழனிக்குத் தென்மேற்கே சுமார் 12 கிலோமீட்டர் தொலைவில், மலையடிவாரத்தில் இருக்கும் ஊர். 2009, 2010-இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் கா. ராஜன் தலைமையிலான குழு அங்கே அகழ்ந்தபோது, ஒரு கல்லறைக்குள் நான்கு கால் ஜாடியில் ஏறத்தாழ 2 கிலோ நெல் இருந்தது. அதே கல்லறையில் கிடைத்த தாங்கியில் ‘வய்ர’ என்ற தமிழ்-பிராமி எழுத்துகள். நெல்மணிகள் அமெரிக்காவின் மயாமி நகர ஆய்வகத்துக்குப் போயின, கி.மு. 490 என்று காலக்கணிப்பு வந்தது. ஒரே ஒரு மாதிரியை வைத்து எழுத்தின் வயதைத் தீர்மானிக்க கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் போன்றவர்கள் தயங்கினார்கள். பிறகு இன்னொரு மாதிரி கி.மு. 450 என்றது. ஒரு வகுப்பறைக்கு வேண்டியதெல்லாம் இதில் இருக்கிறது: பொருள், இடம், ஆய்வகம், சண்டை.

முதலில் ஓர் உரையாடல் செயலி; பெயர் வேண்டாம், இந்த ரகத்தில் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். “பழனிப் பகுதியில் பழைய நாகரிகம் பற்றிச் சொல்” என்றதும் போகரில் தொடங்கி நவபாஷாணத்துக்குப் போய், முருகன் கோயிலில் வந்து நின்றது. பொருந்தல் என்று பெயர் சொல்லிக் கேட்டபோது சுதாரித்துக்கொண்டது. ஆனால் ஜாடியில் இருந்தது ‘அரிசி’ என்றது. பேச்சு ஆங்கிலத்தில் பெரும்பாலும் இரண்டும் ஒன்றுதான். ஆயக்குடியிலோ நெய்க்காரப்பட்டியிலோ ஒரு விவசாயி வீட்டுப் பிள்ளை சிரித்துவிடும். உமியோடு இருந்தால் நெல், குத்தினால் அரிசி, உலையில் போட்டால் சோறு. செத்தவருக்குப் பக்கத்தில் வைத்தது விதைக்கக்கூடிய தானியமா, சமைக்க எடுத்ததா என்ற கேள்வியே இந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது. நல்ல ஆசிரியர் கையில் இந்தத் தவறே அரை மணி நேரப் பாடமாகிவிடும் என்பது வேறு விஷயம்.

அடுத்தது கூகுளின் நோட்புக்எல்எம். இதன் வேலைமுறை வேறு. நாம் கொடுக்கும் ஆவணங்களிலிருந்து மட்டும் பதில் சொல்லும்படி அமைக்கப்பட்ட கருவி இது. இலவசக் கணக்கில் ஒரு நோட்புக்கில் 50 ஆவணங்கள் வரை ஏற்றலாம். முதலில் உள்ளே போனது, பழனி மலைக் கல்திட்டைகளைப் பற்றி ஆங்லேட் பாதிரியாரும் நியூட்டனும் எழுதி 1928-இல் இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்ட ஆங்கில நூல். ஆங்லேட், கொடைக்கானல் செண்பகனூர் சேசு சபையைச் சேர்ந்தவர். மலை மலையாக ஏறி இறங்கிக் கற்களை அளந்தவர். கேள்வி தமிழில், ஆவணம் ஆங்கிலத்தில், பதில் தமிழில். ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒரு சின்ன எண். தொட்டால் மூலப் பத்தி திறக்கிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகூட “இதை எங்கே பார்த்தாய்?” என்று இயந்திரத்தைக் கேட்டுச் சரிபார்க்க முடிகிறது. இந்தக் கருவியை வாங்கச் சொல்ல (வாங்க வேண்டியதில்லை, இலவசம்தான்) இந்த ஒரு வசதி போதும்.

சிக்கல் ஆவணங்களிடம் இருக்கிறது. யூனிகோடு வருவதற்கு முன்பு பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சான தமிழ்க் கட்டுரையைத் திரையில் பார்த்தால் அழகான தமிழ்; நகலெடுத்து ஒட்டினால் ‘jkpo;’ மாதிரி ஆங்கில எழுத்துக் குப்பை. எந்த இயந்திரமானாலும் அந்தக் குப்பையைத்தான் படிக்கும். ஏற்றுவதற்கு முன் ஒரு பத்தியை நகலெடுத்துப் பார்த்துவிடுங்கள். எழுத்துரு மாற்றிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

படம் வரையும் செயலிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கல்திட்டை கேட்டால் ஒன்று இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்சைப் போட்டது. நான்கு பலகைக் கல், மேலே ஒரு மூடுகல் என்று விளக்கிச் சொன்னபிறகு சுற்றிலும் பனி பெய்தது. கொடைக்கானல் குளிர் அவ்வளவு இல்லை. செண்பகனூர் அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை கூட்டிப்போவது மேல்.

சர்ச்சையைக் கையாள்வதில்தான் ஆசிரியரின் கை தெரியும். பொருந்தல் காலக்கணிப்பை ஆதரிக்கும் கட்டுரையை மட்டும் நோட்புக்கில் ஏற்றினால் பதில் தீர்ப்பு மாதிரி வருகிறது. தயங்குகிறவர்களின் கட்டுரையையும் சேர்த்து, “யார் யார் எங்கே மாறுபடுகிறார்கள்?” என்று கேட்டால் இரண்டு தரப்பும் எண்ணோடு வந்து நிற்கின்றன. புதிய கண்டுபிடிப்புகளுக்கும் இதே வழிதான்: 2025 ஜனவரியில், தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்ற அறிக்கையைத் தமிழக முதல்வர் வெளியிட்டார். அதற்கு முன்பே பயிற்சி முடிந்த செயலி, இணையத்தில் தேடாமல் பதில் சொன்னால், பழைய கணக்கைத்தான் ஒப்பிக்கும். அறிக்கையை நாமே ஏற்றினால் அந்தக் கவலை இல்லை.

ஆவணங்களை இரண்டு பேர் பேசிக்கொள்ளும் உரையாடலாக மாற்றித்தரும் ஒலி வசதியும் நோட்புக்எல்எம்மில் உண்டு. 2025 ஏப்ரல் முதல் தமிழிலும் கிடைக்கிறது. பேருந்துப் பயணத்துக்கு நல்ல துணை. வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறத் தொடங்கினால் சிக்னல் வளைவுக்கு வளைவு ஒளிந்து விளையாடும் என்பதால், தாண்டிக்குடிக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் கோப்பைக் கீழேயே இறக்கிக்கொள்வது நல்லது. கூடவே ஓர் அளவு நாடாவும்: மூடுகல்லின் நீள அகலத்தை 1928 நூலின் அளவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் வேண்டும்.